பாதி பவரில் பெரம்பலூர்

சுதந்திரம் வந்த மறு வருஷம், வைகாசி. உத்தியோகம் பெரம்பலூருக்கு மாற்றலாகி, காலை ஏழு மணிக்குத் திருச்சியில் ரயிலேறினேன். மடியில் நானே பூட்டிச் சேர்த்த ஒயர்லெஸ் பெட்டி. இதில் பேசினால் ஊர் கடந்து கேட்கும்.

லால்குடி தாண்டியதும்தான் லைசென்ஸ் விதி நினைவுக்கு வந்தது. பேச்சை அனுப்பும் மின்சக்தியில், திருச்சியில் அனுமதித்த பவரில் பாதிதான் பெரம்பலூர் விலாசத்துக்கு. பெட்டியோ இன்னும் திருச்சிப் பவரில். மூன்று மணிக்கு அங்கே ஒயர்லெஸ் சோதனை அதிகாரி வருகிறார். மீறியிருந்தால் லைசென்ஸ் ரத்து. ஒயர்லெஸ்ஸில் பேசத் தடையிருந்த யுத்தம் முழுக்க வாயை மூடிக் காத்திருந்து வாங்கிய லைசென்ஸ்!

ஒன்பதரைக்கு அரியலூரில் இறங்கிப் பஸ் பிடித்தேன். பெரம்பலூர் ஏறத்தாழ இருபது மைல். குழிகள் கணக்கில் சேராது. பக்கத்து ஸீட்டில் பத்திரம் எழுதுகிறவர் ஒருவர். ஒல்லி உடம்பு, நாலு ஆள் குரல்.

"என்னங்க சார், இப்புடி வேர்த்துக் கொட்டுது?"

"பவர் அதிகமாப் போச்சுங்க," என்று உளறினேன்.

"யாருக்குக் குடுத்தீங்க, தம்பிக்கா?" பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. "பவர் எழுதிக் குடுத்தவன் எல்லாம் இப்புடித்தான் வேர்க்குறான். பயப்படாதீங்க, ரத்து பண்ணிடலாம்!"

சொத்தை விற்க இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் பவர் பத்திரம் அவர் மனசில். என் காதில் விழுந்ததோ 'ரத்து' மட்டும். இன்னும் வேர்த்தது.

பன்னிரண்டு மணிக்குப் பெரம்பலூரில் மைத்துனன் வீடு; லைசென்ஸில் எழுதிய விலாசம் அதுதான்.

"சாப்புட்டுட்டுப் பாருங்களேன், அத்தான்."

"ஸ்க்ரூ டிரைவரக் குடு மாப்ளே. சோறு எங்கயும் ஓடாது."

பஸ் குலுக்கலில் பவர் அளக்கும் என் மீட்டரின் முள் ஒடிந்திருந்தது. கம்பி வளையத்தில் டார்ச் பல்பைக் கட்டிப் பெட்டியின் சுருளருகே நீட்டினேன். பவர் கூடினால் பளிச், குறைந்தால் மங்கல். பவர் திருகைக் குறைத்தேன். இன்னும் குறைத்தேன். மின்மினி அளவு ஒளியும் எனக்குப் பெட்ரோமாக்ஸாகத் தெரிந்தது.

"அத்தான், பல்பு அணைஞ்சுடுச்சு."

"அணையலடா, அடக்கமா எரியுது."

அதிகாரி வந்து தம் மீட்டரை வைத்தார். தட்டினார். மறுபடி வைத்தார். 

"விதிக்கு உட்பட்டுத்தான் இருக்கு. ஆனா இதுல பேசினா யாருக்குக் கேக்கும் சார்?"

"பக்கத்து வீட்டுக்கு..."

"அதுக்கு ஜன்னல் போதுமே!"

சிரித்துக்கொண்டே திருகின் மேல் அரக்கு வைத்து முத்திரை குத்தினார். அடுத்த சோதனை வரை இதே பவர்தானாம். லைசென்ஸ் பிழைத்தது, குரல் போயிற்று.

மறுநாள் காலை, குடும்பத்தை அழைத்துவர அரியலூர் ஸ்டேஷனில் நின்றேன். தண்டவாளங்களுக்கு அப்பாலிருந்து, எந்த லைசென்சும் இல்லாமல், பத்திரக்காரரின் அந்த நாலு ஆள் குரல் பாய்ந்து வந்தது.

"பவரு சார்! ரத்தாயிடுச்சா?"

"இல்லீங்க, கொறைச்சுட்டேன்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

அவர் காதில் கையைக் குவித்தார்.

"கேக்கலைங்க!"