தற்காலிகம் அக்கா

அந்த மாலில் அவளுடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. தற்காலிகம் அக்கா என்று கேட்டால் போதும், கீழ்த்தளத்தில் இருக்கும் தகவல் கவுண்டரைக் கைகாட்டுவார்கள். அங்கே ஒரு மைக், ஒரு சுழல் நாற்காலி, அவள். கட்டிடம் திறந்த வருஷம் வேலைக்குச் சேர்ந்தவள். கூரையில் பதித்த ஸ்பீக்கர் எல்லாவற்றிலும் வருவது அவள் குரல்தான்.

சும்மா சொல்லக் கூடாது, நல்ல குரல். மூளை அதைவிட நல்ல மூளை. வழிதவறிய குழந்தை யாராவது வந்து நின்றால், "ஒரு குழந்தை எங்களிடம் பத்திரமாக இருக்கிறது" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்ல மாட்டாள். ஓடி வருபவர் என்ன சட்டை, என்ன செருப்பு என்று சரியாகச் சொன்னால்தான் பிள்ளை கை மாறும். ஒருமுறை ஓர் அப்பா சட்டை நிறம் தெரியாமல் திருதிருவென்று விழிக்க, அம்மா வரும்வரை அவரையும் உட்கார வைத்துவிட்டாள். அவர் எகிறிக் குதித்தார். "வீட்டுல அப்பப்ப பிள்ளை முகத்தையும் பாருங்க சார்" என்றாள், அவ்வளவுதான்.

பட்டப்பெயர் வந்தது பிற்பாடு. பழைய முதலாளி கட்டிடத்தை ஒரு கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போனார். வாங்கிய புண்ணியவான்கள் ஒரு பல்புகூட மாற்றவில்லை. முதலில் எஸ்கலேட்டர் நின்றது. 'தற்காலிகமாக இயங்காது' என்று எழுதிக் கொடுத்தார்கள், படித்தாள். அடுத்து இரண்டாம் மாடிக் கழிப்பறை. அடுத்து ஏசி. எல்லாமே தற்காலிகமாக. ஒன்றாவது திரும்ப ஓடியதா? ம்ஹூம். கடைக்காரர்களிடையே அந்த வார்த்தைக்கு அர்த்தமே மாறிப்போனது. செருப்புக் கடைக்காரர் வழுக்கையைத் தடவிக்கொண்டு, "முடி தற்காலிகமா கொட்டியிருக்கு" என்பார். பொம்மைக் கடைக்காரி, "எங்க வீட்டுக்காரர் தற்காலிகமா வெளியூர் போயிருக்கார்" என்பாள். மனுஷன் வீட்டை விட்டுப் போய் ஒன்பது வருஷம். இந்தப் பொம்மைக் கடைக்காரி அக்காவின் கூடப்பிறந்த தங்கை. அந்தக் கடையை வைத்துத்தான் மகளைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு வயிற்றெரிச்சல் எங்கே என்றால், கம்பெனி 'காலாவதியான கட்டிடம்' என்று வாசலில் பேனர் கட்டியதில்தான். காலாவதியாக இதென்ன மாத்திரையா? தானாகப் பழசாகவில்லை ஐயா, பழசாக்கினார்கள். கழிப்பறையைப் பூட்டிவிட்டுக் கூட்டம் வரவில்லை என்று கை விரித்தால் எப்படி வரும்? கைக்குழந்தையோடு, செத்துக் கிடக்கும் எஸ்கலேட்டரில் மூச்சு வாங்க ஏற எந்தத் தாய்க்குத் தலையெழுத்து?

ஒரு திங்கட்கிழமை மேனேஜர் அக்காவை மேலே கூப்பிட்டார். வேலைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகாத ஆள். அவர் மேஜையில் கண்ணாடிப் பெட்டிக்குள், இதை இடித்துவிட்டுக் கட்டப்போகும் புதுக் கட்டிடத்தின் மாடல். அக்கா குனிந்து தேடினாள்.

"சார், என் தங்கச்சி பொம்மைக் கடை இதுல எங்க வருது?"

"சின்னக் கடைங்க இதுல கிடையாதும்மா. கீழ பெரிய பிராண்டுங்க, மேல எல்லாம் வீடு."

"அப்ப இங்க இருக்கிறவங்க?"

"அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன். நீங்க சொன்னா கேப்பாங்க. அவங்களா காலி பண்ணிட்டுப் போயிட்டா திரும்ப வர்ற உரிமை போயிடும். நாம துரத்தின மாதிரியும் இருக்காது. உங்களுக்குப் புதுக் கட்டிடத்துல வேலை உறுதி."

என்னமோ டீ வாங்கிவரச் சொல்வதுபோல் அத்தனை சாதாரணமாகச் சொன்னார். தங்கையின் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ள அக்காவின் வாயைக் கேட்கிறானே, இவனெல்லாம் ஒரு தாய் வயிற்றில் பிறந்தவனா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் மாட்டேன் என்றால் வேறொருத்தி வந்து இனிக்க இனிக்கப் படிப்பாள். பாதிப் பேர் நம்பி மூட்டை கட்டிவிடுவார்கள். வாசலில் லாரிகள் வேறு தயாராக நின்றன. யோசிக்கவும் விடாமல், படிக்க வேண்டியதை அவள் கையில் திணித்து, மைக் வரைக்கும் கூடவே வந்தார் மேனேஜர்.

'மராமத்துக்காகக் கடைகள் சில மாதங்கள் மூடப்படும், வேலை முடிந்ததும் அனைவரும் திரும்பி வரலாம்' என்றுதான் எழுதியிருந்தது. அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"கடைகள் தற்காலிகமாக மூடப்படும். அனைவரும் தற்காலிகமாகக் காலி செய்யவும். நன்றி."

மேனேஜர் கட்டைவிரலை உயர்த்தினார். "பிரமாதம்மா! அந்த வார்த்தையைச் சேர்த்தீங்க பாருங்க, அதுலதான் நம்பிக்கையே வருது."

மேலே இரண்டாம் மாடியில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றுபோனது. அன்று ஒரு கடையிலிருந்தும் ஒரு பெட்டிகூட இறங்கவில்லை. லாரிக்காரர்கள் தூங்கி வழிந்தார்கள். சாயங்காலம் வாட்ச்மேன்தான், இங்கே தற்காலிகம் என்றால் திரும்பி வராது என்று அர்த்தம் என மேனேஜருக்கு விளக்கியிருக்கிறான். அவர் நேராக வந்து கவுண்டர் சாவியைப் பிடுங்கிக்கொண்டார்.

"நாளையிலிருந்து வர வேண்டாம்."

"நாளைக்கு என்ன, இப்பவே கிளம்புறேன்" என்றாள். ஆனால் வாசல் பக்கம் போகவில்லை. படியேறிப் போய்த் தங்கை கடையில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"வேலை போச்சாக்கா? உனக்கென்ன பைத்தியமா?" தங்கை தலையில் அடித்துக்கொண்டாள்.

"என் வாயாலயே உன்னை வெளிய போன்னு சொல்லணுமாடி?" கேட்கும்போதே அக்காவுக்கு அழுகை முட்டியது. துக்கத்தில் வந்த அழுகை இல்லை, ஆத்திரத்தில் வந்தது.

அப்போது கூரை கரகரத்தது. மேனேஜரே மைக்கைப் பிடித்துவிட்டார். "அன்பார்ந்த கடைக்காரர்களே, உங்கள் நலன் கருதி..."

அத்தனை வருஷமாக ஒரே குரலைக் கேட்டுப் பழகிய மாடி அது. செருப்புக் கடைக்காரர் ஒற்றைச் செருப்பைக் கையில் பிடித்தபடியே வராந்தாவுக்கு வந்து கூரையைப் பார்த்தார்.

"யோவ், யாருய்யா நீ?"

குரல் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனது. ஒவ்வொரு கடையிலிருந்தும் ஆட்கள் வெளியே வந்தார்கள். "மூஞ்சியைக் காட்டிப் பேசுய்யா!" என்று தங்கை கத்தினாள். "உங்கள் நலன் கருதி" என்றது கூரை மறுபடியும்.

அந்த ஸ்பீக்கருக்குப் பேசத்தான் தெரியும், கேட்கத் தெரியாது என்பது அக்காவைவிட யாருக்குத் தெரியும்? இருந்தும் எழுந்தாள். ஒரு நாளும் அதிர்ந்து பேசாத அந்தத் தொண்டை கிழிந்துவிடும்போல் கத்தினாள்.

"ஓடிக்கிட்டிருந்ததை எல்லாம் நிறுத்திட்டு எங்க நலனா? எங்களைப் போகச் சொல்ல நீ யாருய்யா?"