ராத்தாவின் போனில் திறக்குதா?

இந்த மாதம் ஒன்பதாம் திகதி, வியாழக்கிழமை, காலை 6.12. என் போனில் கேட்காத குரல்செய்திகள் இரண்டு. இரண்டும் பௌசியா ராத்தாவின் எண்ணிலிருந்து வந்தவை. முதலாவது புதன் பின்னேரம் வந்தது. "வழக்கமான முறைப்பாடுதானே, விடிய கேட்பம்" என்று விட்டிருந்தேன். இரண்டாவதைத்தான் முதலில் அழுத்தினேன். பேசியது அவருடைய மகன் ரஸ்மி, என்னை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுபவன்.

"நானா, உம்மா விடிய, சுபஹுத் தொழுகை நேரம் மௌத்தாப் போயிட்டா. நெஞ்சு நோவு எண்டு செல்லிக்கிட்டு இரிந்தா. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்."

எங்கள் இணையச் சித்திரப் பாடத்தளத்தில் படிக்கும் உங்களில் பலர் ராத்தாவை நேரில் கண்டதில்லை. அக்காவை ராத்தா என்று அழைக்கும் ஏறாவூரில், வீட்டிலிருந்தபடி பள்ளிச் சீருடை தைத்தவர். எங்களிடம் பதிந்த முதல் பத்துப் பேரில் ஒருவர். மாலினி ரீச்சர் பாடம் நடத்துவார், நான் தளத்தை எழுதுவேன். மொத்தம் பன்னிரண்டு பாடம். ஒவ்வொன்றுக்கும் வரைந்ததைப் படமெடுத்து அனுப்ப வேண்டும், ஏற்கப்பட்டால்தான் அடுத்த பாடம் திறக்கும். பள்ளிக்கூடத்தில் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்குச் சித்திரம், தனக்கு மனையியல் என்று பிரித்து விட்டார்களாம். பன்னிரண்டையும் முடிக்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். அந்தப் பிடிவாதத்துக்குக் குறுக்கே மூன்று தரம் நின்றவன் நான்.

முதல் தரம், ஆரம்பத்திலேயே. குவிந்த படங்களைப் பார்த்துத் தள்ள எனக்குப் பொறுமை இல்லாததால், வெற்றுத் தாள்களைத் தானாகக் கழிக்கும் ஒரு நிரல் எழுதி வைத்தேன். ஒரு கிழமை கழித்து, நாவற்குடாவில் உள்ள எங்கள் அறைக்குப் பஸ் ஏறி வந்து இறங்கினார் ஒரு பெண். கையில் கடைப் பை. பைக்குள் சுருட்டிய பழுப்புத் தாள்கள்.

"தம்பி, உங்கட மிஷின் ஏழு தரம் என்னைத் திருப்பி அனுப்பிட்டு. படம் எதுவும் இல்லையாம். நீங்க கண்ணால பாத்துச் செல்லுங்க, இது என்ன?"

"நண்டு."

"மட்டக்களப்புல செஞ்ச மிஷினுக்கு நண்டு தெரியாதா?"

மாலினி ரீச்சர் சிரித்த சிரிப்பில் தேநீர் மேசையில் ஊற்றுப்பட்டது. பிழை எங்கே என்று எனக்கு உடனே விளங்கியது. வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடு வரும் என்று நான் எழுதி வைத்திருந்தேன். அவரோ துணி வெட்ட மாதிரி எடுக்கும் பழுப்புத் தாளில், தையல் சோக்குக் கட்டியால், வெள்ளைக் கோடாக வரைந்திருந்தார். என் நிரலுக்கு அது வெறும் தாள். நல்ல நண்டு. கொடுக்கு இரண்டும் சரியான அளவு.

வெள்ளைத் தாள் வாங்கினால் பிரச்சினை தீரும் என்று சொல்லிப் பார்த்தேன். "உங்கட மிஷினுக்காக நான் தாளை மாத்துறதா? எனக்காக நீங்க மிஷினை மாத்துங்க" என்றார். மாற்றினேன். இரண்டு நாள் பிடித்தது.

இரண்டாவது தரம், வர்ணப் பாடம். தேவையான பொருட்கள் என்று ஒரு பட்டியலைத் தளத்தில் ஏற்றியிருந்தோம். அதிலிருந்த வர்ணப் பெட்டி பனிச்சங்கேணியில் ஒரு கடையிலும் இல்லை என்று அங்கிருந்து மூன்று பேர் எழுதினார்கள். "கொழும்பிலிருந்து எடுப்பியுங்கள்" என்று நான் பதில் போட்டேன். சரியாக நாலு நிமிடத்தில் ராத்தாவின் குரல்செய்தி எங்கள் வாட்ஸ்அப் குழுவில் விழுந்தது. "தம்பி செல்லுறதைக் கேக்காதீங்க. மஞ்சள் அடுப்படியில இரிக்கி. வெள்ளை உடுப்புக்குப் போடுற நீலம் இரிக்கி. ரெண்டையும் கலந்தா பச்சை. வேற என்ன வேணும்?"

அந்த ஞாயிறு வீடியோ வகுப்பில் பாடம் மட்டக்களப்பு வாவி. எல்லோரும் நீலத்தைக் கரைத்து வைத்துக்கொண்டு ரீச்சருக்காகக் காத்திருந்தோம். ராத்தா மறுபடியும் வந்தார். "வாவி நீலமாம்! ஆரு கண்ட? மழை பேஞ்ச பிறகு போய்ப் பாருங்க. தேயிலைச் சாயம் ஊத்துங்க." அந்தக் கிழமை வந்த வாவிகள் எல்லாம் பிளேன்டீ நிறம். அதற்குமுன் இவ்வளவு உண்மையான வாவி எங்களுக்கு வந்ததில்லை என்று ரீச்சர் சொன்னார். பொருட்கள் பட்டியலை அன்றே அழித்தேன்.

மூன்றாவது, பொத்தான். ராத்தாவின் போன் ரஸ்மி பாவித்துக் கழித்தது. கண்ணாடி வெடித்து, வலப்பக்கக் கீழ் மூலை தொட்டால் வேலை செய்யாது. நான் "அனுப்பு" பொத்தானைச் சரியாக அங்கேதான் வைத்திருந்தேன். "தேடித் தேடி என்ட போன்ட செத்த மூலையில கொண்டுபோய் வெச்சிரிக்கீங்க" என்றார். நடுவுக்கு நகர்த்தினேன். மறுநாளே வேறு பதினொரு பேர் முதன்முதலாகப் படம் அனுப்பினார்கள். அவர்களுடைய போன்களில் எந்த மூலை செத்திருந்தது என்று நான் கேட்கவே இல்லை. அன்றிலிருந்து எங்கள் அறையில் ஒரு விதி: எதைச் செய்தாலும் வெளியிட முன்பு ராத்தாவுக்கு அனுப்ப வேண்டும். "ராத்தாவின் போனில் திறக்குதா?" என்று ரீச்சர் கேட்பார். திறந்தால் வெளியிடுவோம்.

ஏழாம் திகதி செவ்வாய்க்கிழமை அந்த விதியை மீறினேன். தளத்துக்குப் புது முகம் செய்திருந்தேன், அழகாக வந்திருந்தது. காத்திருக்கப் பொறுமையில்லை. ராத்தாவுக்கு அனுப்பாமலே வெளியிட்டேன்.

வியாழன் காலை, ரஸ்மியின் செய்திக்குப் பிறகு, முதல் செய்தியைக் கேட்டேன். பதினேழு செக்கன்.

"தம்பி, பொத்தான் திரும்பவும் செத்த மூலைக்குப் போயிட்டு. ஆரு செல்லித் தந்த? விடிய மாத்துங்க. பன்னிரண்டாவது படம் இரிக்கி. பாத்தா சிரிப்பீங்க."

ரீச்சரை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஏறாவூர் போனேன். ரீச்சர் உள்ளே பெண்களிடம் போனார். நான் வாசலில் நின்ற ஆண்களோடு நின்றேன். அடக்கம் முடிந்து வந்த ரஸ்மி உம்மாவின் போனைக் கொண்டுவந்து என் கையில் வைத்தான். வலப்பக்கக் கீழ் மூலை முழுக்க வெள்ளையாகச் சோக்குத் தூள். எத்தனை தரம் அழுத்திப் பார்த்தாரோ.

திரையில் அனுப்பப்படாமல் நின்ற படம். பன்னிரண்டாம் பாடம், எதிரில் இருப்பவரை வரைதல். ராத்தாவுக்கு எதிரில் இருந்தது ஞாயிறு வகுப்பின் திரை. அதில் நான். நகத்தைக் கடித்துக்கொண்டு, புருவத்தைச் சுருக்கி, ஆரோ பாடத்தை மெதுவாகப் படிப்பதைப் பொறுக்க மாட்டாமல் இருக்கிறேன். பழுப்புத் தாளில் வெள்ளைச் சோக்கு. சினந்த நண்டு மாதிரி இருந்தேன்.

ஜனாஸா வீட்டு வாசலில் சிரித்துவிட்டேன். ரஸ்மி கோபிக்கவில்லை. "வரையக்குள்ள உம்மாவும் இப்படித்தான் சிரிச்ச, நானா" என்றான்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது "ராத்தாவின் போனில் திறக்குதா?" என்ற அந்தக் கேள்வியை. போனையும் ரஸ்மி தந்துவிட்டான். சோக்கை இன்னும் துடைக்கவில்லை.

இனிச் செய்யப் போவது:

1. பொத்தானை அன்றிரவே நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டேன். இனி யாருடைய ரசனைக்காகவும் அது நகராது. முக்கியமாக என்னுடைய ரசனைக்காக.

2. எந்தக் குரல்செய்தியையும் விடியட்டும் என்று விடமாட்டேன். முறைப்பாடு என்றால் அதை முதலில் கேட்பேன்.

3. புதுப் பாடம் எதுவும் ராத்தாவின் போனில் திறந்த பிறகுதான் வெளிவரும். அதைவிட மோசமான போன் உங்களிடம் இருந்தால் குழுவில் சொல்லுங்கள். நானே வந்து பார்க்கிறேன், பனிச்சங்கேணி என்றாலும்.

4. "படம் எதுவும் இல்லை" என்று சொல்லும் நிரலில் மிச்சமிருப்பதை முழுதாக அழிப்பேன். வருகிற ஒவ்வொன்றையும் ரீச்சரோ நானோ கண்ணால் பார்ப்போம்.

5. ரஸ்மி அந்தப் பழுப்புத் தாளைக் கொண்டுவந்ததும் ரீச்சர் பார்த்துப் புள்ளி போடுவார். காது கொஞ்சம் பெரிது என்று நான் முறைப்பாடு செய்வேன், எடுபடாது. பிறகு ராத்தாவின் பெயருக்கு எதிரே, பன்னிரண்டாம் பாடத்துக்குரிய இடத்தில், என் கையாலேயே எழுதுவேன்: படம் இரிக்கி.