நாத்தனாரும் நானும் ஓடிய மாரத்தான்

அந்த மாரத்தானுக்கு நான் பெயர் கொடுத்தது வெறும் வீம்பில்தான். துறைமுகத்தில் சரக்கு கிளியரிங் செய்யும் ஒரு கம்பெனியில் எனக்கு பில் டைப் அடிக்கிற வேலை. இதயத்தில் ஓட்டையோடு பிறக்கும் குழந்தைகளின் ஆபரேஷனுக்காக ஊரில் ஒரு ஓட்டம் நடக்கிறது, நம்ம ஆபீசிலிருந்து யாராவது ஓடி முடித்தால் ஒரு குழந்தையின் செலவைக் கம்பெனி ஏற்கும் என்றார் மேனேஜர். ஆண்கள் எல்லோரும் மேஜையைப் பார்த்தார்கள். நான் கையைத் தூக்கிவிட்டேன். நாற்பத்திரண்டு கிலோமீட்டர் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

"தனியா ஓடுனா நாய் தொரத்தும் அண்ணி. நானும் வரேன்" என்றாள் என் நாத்தனார். காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்பவள். ராயபுரத்தில் எங்களோடுதான் இருந்தாள். ரயில்வே யார்டில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "ரெண்டு பேருக்கும் கழண்டுகினு கீது" என்றார்.

வண்ணாரப்பேட்டையில் கேன்வாஸ் ஷூ வாங்கினோம். அவள் என் சுடிதார் ஒன்றைப் போட்டுக்கொண்டாள். முதல் நாள் பூரா வியர்வை துடைக்க முந்தானையைத் தேடி அவள் கை இடுப்புக்குப் போய்ப் போய் வந்தது. அதைப் பார்த்துச் சிரித்தே எனக்கு மூச்சு வாங்கியது.

என் ஆபீஸ் விட்டதும் சாயங்காலங்களில் ஓடுவோம். காசிமேட்டைத் தாண்டும்போது அவளுடைய மார்க்கெட் ஆட்கள் விடமாட்டார்கள்.

"இன்னாக்கா, எவன் தொரத்துறான்?"

"எவனும் தொரத்தல நைனா. அதான் பேஜாரு."

சிரித்தால் விலாவில் பிடித்துக்கொள்ளும். பிடித்துக்கொண்டால் இன்னும் சிரிப்பு வரும். முதல் வாரம் நாங்கள் ஓடியதைவிட மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றதுதான் அதிகம்.

அந்த வருஷங்களில் துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள் திருவொற்றியூர் தாண்டியும் வரிசை கட்டி நிற்கும். டிரைவர்கள் வண்டிக்குக் கீழேயே ஸ்டவ் வைத்துச் சமைப்பார்கள். அந்த வரிசையை ஒவ்வொரு லாரியாக முந்திக்கொண்டு ஓடுவதில் ஒரு போதை இருந்தது. வெயிலில் சூடேறிய இரும்பு ஒரு பக்கம், கடல் ஒரு பக்கம். கொஞ்ச நாளில் டிரைவர்கள் எங்களைக் கண்டாலே கதவைத் தட்டித் தாளம் போட ஆரம்பித்தார்கள். நாமக்கல்காரர் ஒருவர், "நாளைக்கு வாங்க, இங்கயேதான் நிப்பேன்" என்றார். மறுநாள் அவர் ரெண்டு மின்கம்பம் தள்ளி நின்றிருந்தார்.

"மாரத்தான்ல லாரியையும் ஓட வுட்டா நாங்கதாண்ணே ஃபர்ஸ்ட்டு" என்று சொல்லிக்கொண்டே அவரைத் தாண்டினாள் என் நாத்தனார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணூர் வரை போவது என்று கிளம்பினோம். திருவொற்றியூரில் எங்களுக்கு முன்னால் சாவு ஊர்வலம் ஒன்று சந்திலிருந்து திரும்பி, நாங்கள் போகும் பக்கமே போனது. வயசாகிப் போன பெரியவர். பூ இறைந்து கிடந்தது, பறை காதைப் பிளந்துகொண்டிருந்தது. மரியாதைக்கு நடந்து போகலாம் என்றுதான் நினைத்தோம். கால் கேட்கவில்லை, அடி விழ விழ அதுவும் விழுந்தது. பறை அடிப்பவர்களில் ஒருவர் அதைக் கவனித்துவிட்டுப் பக்கத்து ஆளை இடித்தார். அடி வேகமானது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

கொள்ளிச்சட்டி ஏந்தி முன்னால் நடந்த மகன் எங்களைத் திரும்பிப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"நிக்காதம்மா, ஓடு. எங்க நைனாவுக்கு ஸ்பீடுன்னா உசுரு" என்றார். கண் சிவந்திருந்தது, ஆனால் சிரித்தார்.

நாங்கள் சிலுவை போட்டுக்கொண்டு ஓடினோம். அப்படி ஒரு ஓட்டம் அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. உடம்பு எடையே இல்லை. பறைச் சத்தம் கேட்காத தூரம் போன பிறகும் கால் அதே அடியில் போய்க்கொண்டிருந்தது. எண்ணூர் முகத்துவாரத்தில் மணலில் விழுந்து, எதற்கென்று தெரியாமல் வெகுநேரம் சிரித்துக்கொண்டு கிடந்தோம்.

மாரத்தான் அன்று சிரிப்பெல்லாம் பாதி வழியில் தீர்ந்துவிட்டது. வெயில் ஏறியது. முக்கால் தூரத்தில் நாத்தனார் பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீ போ அண்ணி. இது என் காலே இல்ல."

தொடையை நீவிவிட்டேன். "கொழந்தைக்குப் பாதி ஓட்டைய மட்டும் அடைச்சா போதுமா?" என்று கேட்டேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். தோள் குலுங்கியது, சிரிக்கிறாள் என்று தெரிந்தது. எழுந்துவிட்டாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மேடையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். முடிவு வளைவின் துணி ஏற்கெனவே தொங்கிப்போயிருந்தது. எங்களைப் பார்த்த பந்தல்காரர்கள் இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் அதைக் கையால் தூக்கிப் பிடித்தார்கள். நாங்கள் குனிந்து புகுந்தோம். மேனேஜர் குடையோடு காத்திருந்தார். சொன்ன சொல்லைக் கம்பெனி காப்பாற்றியது.

வீடு மூன்றாவது மாடியில். முதல் படியிலேயே இருவர் காலும் மடங்கிவிட்டது. வாசலில் காத்திருந்த என் வீட்டுக்காரர் மேலே போய், பிளாஸ்டிக் நாற்காலியும் எதிர்வீட்டுக்காரருமாக இறங்கி வந்தார். முதலில் தங்கச்சியை உட்காரவைத்துத் தூக்கினார்கள். ஒவ்வொரு மாடியிலும் கதவைத் திறந்துகொண்டு ஜனங்கள் நின்றார்கள். அவள் திருவிழாச் சப்பரத்தில் வருகிற மாதா மாதிரி கையை உயர்த்தி அவர்களை ஆசீர்வதித்துக்கொண்டே போனாள்.

"ஆட்டாதடி, வுழுந்துருவ" என்றது மேலிருந்து என் வீட்டுக்காரரின் குரல். நான் கீழ்ப்படியில் உட்கார்ந்து, அண்ணாந்து பார்த்தபடி என் முறைக்குக் காத்திருந்தேன்.