வெளியே வராத தண்ணீர்

எபினேசர் திறந்து பார்க்காமல் விட்ட பொருள் கிடையாது. திறந்ததை மூடிய வரலாறும் கிடையாது. எளாவூரில் அவர் குடியிருக்கும் தெருவில் யாரை நிறுத்திக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். அவர் வீட்டு மேசை ஃபேன் இரண்டு கிறிஸ்துமஸ் பார்த்துவிட்டது, இன்னும் மூடி மாட்டாமல் அலமாரி மேல் உட்கார்ந்திருக்கிறது. மிக்சியின் மோட்டார் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது. சர்ச்சில் மைக் கரகரத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, "நான் பாக்கறேன்" என்று எழுந்தவரைப் பாஸ்டரே கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

வேலை தெரியாத ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். கோளாறு எங்கே என்று மோப்பம் பிடிப்பதில் மன்னன். கண்டுபிடித்த நிமிஷமே மனிதருக்கு ஆசை அடங்கிவிடும், அவ்வளவுதான். திருகாணிகளை ஒரு தட்டில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். அந்தத் தட்டை எடுத்துப் பத்திரப்படுத்துவது மனைவி ஞானம்மாவின் பாடு. அவள் வீட்டில் சோற்றுத் தட்டைவிடத் திருகாணித் தட்டு அதிகம்.

இப்படிப்பட்டவர் கண்ணில் அந்தப் படகு பட்டிருக்கவே கூடாது.

எபினேசருக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஃபைபர் தொட்டி செய்யும் கம்பெனியில் வேலை. ஆசிட் ஊற்றி வைக்கிற ஆளுயரத் தொட்டிகள். கண்ணாடி நாரில் நெய்த விரிப்பை ரெசின் பசையில் நனைத்து, உருளையால் தேய்த்துக் காற்றை வெளியேற்றி, ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டே போக வேண்டும். காய்ந்தால் கல் மாதிரி ஆகிவிடும். தொட்டி முடிந்ததும் விளிம்பு வரைக்கும் தண்ணீர் பிடித்து ஒரு நாள் பூராவும் வைப்பார்கள். வெளிப்பக்கம் ஒரு சொட்டு கசியக் கூடாது. கசியாவிட்டால் லாரியில் ஏற்றலாம். எபினேசர் கைவைத்த தொட்டி கசிந்ததாகப் பேச்சே இல்லை.

படகு வந்தது பக்கத்து இரும்பு உருக்காலைக்கு. எங்கேயோ ஏலத்தில் எடுத்த பழைய இரும்போடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. ஃபைபரை உலையில் போட்டால் புகைதான் மிச்சம் என்று யார்டின் மூலையில் தள்ளிவிட்டார்கள். அங்கே சூப்பர்வைசராக இருக்கும் வசந்தகுமார் டீக்கடையில் எபினேசரைப் பிடித்தான்.

"அண்ணா, ஃபைபரு உன் டிபார்ட்மென்ட்டுதானே? ஒரு தபா வந்து பாரேன். அது இன்னா வகைன்னே புரில."

புரியவில்லை என்று யாராவது சொன்னால் போதும், எபினேசருக்கு டீ இறங்காது. பாதி கிளாஸை வைத்துவிட்டுக் கிளம்பினார்.

பக்கத்து ஏரியில் ஓடும் மீன் படகுகளை அவர் பார்த்திருக்கிறார். இது அந்த ஜாதியில்லை. முன்பாதி முழுக்க மூடிய அறை. குனிந்து உள்ளே போனால் ஒரு படுக்கை, முன்னால் போகப் போகக் குறுகி மூக்குப் போல முடிந்தது. இதில் படுக்கிறவனுக்குக் கால் மட்டும் ஒல்லியாக இருக்க வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். பக்கத்தில் சின்ன அடுப்பு, கை கழுவும் தொட்டி, முகம் பார்க்கும் கண்ணாடி. குறுகலான ஒரு கதவைத் திறந்தால் முழங்கால் உயரத்தில் ஒரு கக்கூஸ்! தனியாக நின்று வாய்விட்டுச் சிரித்தார்.

யாரோ வசதியான குடும்பம் கடலில் உல்லாசமாகச் சுற்றிய படகு. யார் அவர்கள்? எதுவரைக்கும் போனார்கள்? இன்ஜினைக் கழற்றிக்கொண்டு போனவன் ஸ்டீயரிங்கை ஏன் விட்டுவிட்டுப் போனான்? ஸ்டீயரிங்குக்கு முன்னால் கண்ணாடிக் குமிழுக்குள் ஒரு திசைகாட்டி உயிரோடு இருந்தது. அது வடக்கைக் காட்டவில்லை. யார்டில் மலையாகக் குவித்திருந்த கம்பிகளின் பக்கமே முள்ளைத் திருப்பிக்கொண்டு நின்றது. பாவம், அதற்கும் புத்தி பேதலித்துவிட்டது என்று எபினேசருக்கு அதன் மேல் ஒரு இரக்கம் வந்தது.

"எடத்த அடச்சிக்கினு கீதுன்னு மொதலாளி ஒரே பேஜாரு பண்றாரு. நீயே இஸ்துகினு போயேன்" என்றான் வசந்தகுமார்.

ஞானம்மா ஒரு கம்பெனி கேன்டீனில் சமையல் பார்க்கிறவள். அன்று வேலை முடிந்து தெருமுனை திரும்பியபோது, அவள் வீட்டு வாசலில் கிரேன் ஒன்று படகை டயர்களின் மேல் இறக்கிக்கொண்டிருந்தது. மகள் சோனியாவின் நிச்சயதார்த்தத்துக்குப் பந்தல் போடுவதற்கென்றே மேடுபள்ளம் நிரவி வைத்திருந்த இடம்.

"இன்னா இது?"

"போட்டு."

"போட்டுன்னு எனக்கும் தெரியுது. நம்ம ஊட்டாண்ட ஏன் வந்துது?"

"உள்ள கக்கூஸ்கூட கீது ஞானம். வந்து பாரேன்."

அவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பையைக் கீழே வைக்காமல் நின்ற இடத்திலேயே தீர்ப்புச் சொன்னாள்.

"இதப் பாரு சோனியா நைனா. ஈஸ்டர் முடிஞ்ச சனிக்கெழம உன் பொண்ணுக்கு நிச்சயம். பந்தலு இங்கதான். அதுக்குள்ள இது தண்ணில மெதக்கணும். மெதக்கலன்னா, அறுக்கற ஆளுங்கள நானே கூப்ட்டு துண்டு துண்டா அறுத்துப் போட்ருவேன். நீ தொறந்துட்டு மூடாத சாமான் இனிமே இந்த ஊட்ல இருக்கக் கூடாது."

சும்மா மிரட்டுகிற பெண் இல்லை. போன வருஷம் அவர் பிரித்துப் போட்ட மொபெட்டைச் சாக்கில் கட்டிப் பழைய இரும்புக்காரனிடம் தூக்கிக் கொடுத்தவள். அந்தப் படகின் மேல் அதற்குள் எபினேசருக்கு ஆசை விழுந்திருந்தது. அது மிதப்பதைப் பார்க்க வேண்டும். வாழ்க்கையில் முதல் தடவையாக, திறந்த ஒன்றை மூடிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

அன்றிலிருந்து ஷிப்ட் விட்டால் படகு, சர்ச் விட்டால் படகு. சுரண்டச் சுரண்ட வெள்ளைக்குக் கீழே நீலம், நீலத்துக்குக் கீழே மஞ்சள். யாருக்கு மஞ்சள் பிடித்தது, யார் வந்து நீலம் அடித்தார்கள் என்று யோசித்துக்கொண்டே தேய்த்தார். கிரைண்டர் போட்டால் கண்ணாடித் தூள் பறந்து உடம்பெல்லாம் அரித்தது. ஞானம்மா அவர் துணியைத் தனி பக்கெட்டில் குச்சியால் அமுக்கித் துவைத்தாள். திட்டிக்கொண்டே முதுகில் தேங்காய் எண்ணெய் தடவினாள். உளுத்துப்போன தரையைப் பெயர்த்து, கம்பெனிக்கு மெஷின் வந்த பெட்டியின் ப்ளைவுட்டை அறுத்துப் போட்டார். கழற்றிய ஒவ்வொரு திருகாணியும் அதனதன் இடத்துக்குத் திரும்பிப் போனது. தெருவே அதிசயப்பட்டது.

கக்கூஸைப் பெயர்த்தபோது அதன் அடியில் ஒரு ஓட்டை தெரிந்தது. கை நுழையும் அளவு. குழாய் இற்றுப் போயிருந்தது. ஓட்டைக்குள் பார்த்தால் கீழே வாசல் மண். எபினேசர் யோசிக்கவே இல்லை. இருபது வருஷமாகச் செய்கிற வேலைதானே. தொட்டிக்குள் இறங்கி ஒட்டுவதுபோலப் படகுக்குள் குந்தி, உட்பக்கமாக விரிப்பின் மேல் விரிப்பு வைத்து, ரெசின் ஊற்றி, உருட்டி ஒட்டினார். காய்ந்ததும் தட்டிப் பார்த்தார். கல். மேலே தரைப்பலகையைப் போட்டுத் திருகினார். கை விட்டுப் பார்ப்பதற்கு மட்டும் பலகையில் ஒரு சின்ன மூடி வைத்துக்கொண்டார்.

குருத்தோலை ஞாயிறு முடிந்த மறுநாள், படகு நிறையத் தண்ணீர் பிடித்தார். மோட்டார் காலையிலிருந்து ஓடியது. தெருப் பெண்கள் குடத்தோடு வேடிக்கை பார்த்தார்கள். அப்போதுதான் மணவாளன் மொபெட்டில் வந்தான். ஏரிக்கரைக் குப்பத்துக்காரன். இறாலும் நண்டும் பிடித்து, தெருத்தெருவாக விற்பவன். இந்தப் படகைத் தண்ணீரில் இறக்கித் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தான்.

"இன்னாண்ணா, தொட்டி கட்டிட்டியா?" என்று விழுந்து விழுந்து சிரித்தான். "போட்டுக்கு வெளியதான் தண்ணி இருக்கணும். நீ இன்னா உள்ள ஊத்திக்கினு கீற?"

"கம்பெனில இப்டித்தான் டெஸ்ட்டு. அடில ஒரு சொட்டு கசியுதா பாரு."

மணவாளன் மண்டியிட்டு அடிவயிற்றைத் தடவிப் பார்த்தான். காய்ந்த காகிதமாக இருந்தது.

"உள்ளேர்ந்து வெளிய வராத தண்ணி, வெளியேர்ந்து உள்ள எப்டி வரும்?" என்று எபினேசர் கேட்டார்.

மணவாளன் தலையைச் சொறிந்தான். "கேட்டா சரியாத்தான் கீது" என்று ஒத்துக்கொண்டான்.

ஞானம்மா வாசற்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டே இதைக் கேட்டாள். அவளுக்கும் சரியாகத்தான் பட்டது. மறுநாள் அந்தத் தண்ணீரில் தெரு முழுக்கப் போர்வை துவைத்தது.

நிச்சயத்துக்கு முந்தின வாரம், சுண்ணாம்புக்குளம் தாண்டி ஏரிக்கரைக்குப் படகு லாரியில் போனது. ஞானம்மா கூடவே வந்தாள். தண்ணீருக்குப் போகிறதா, வேறெங்காவது ஒளித்து வைக்கிறாரா என்று கண்ணால் பார்க்க வேண்டுமாம். மணவாளனின் மனைவி கெங்கம்மாள் கற்பூரம் ஏற்றித் தேங்காய் உடைத்தாள். எபினேசர் கண்ணை மூடி ஒரு ஜெபம் சொன்னார். குப்பத்து ஆட்கள் தோள் கொடுத்துத் தள்ள, படகு சரிந்து தண்ணீரில் உட்கார்ந்து, ஒருமுறை தலையாட்டிவிட்டு நேராக நின்றது. எபினேசர் தண்ணீரில் இறங்கிப் போய் அதன் பக்கத்தைத் தடவிக் கொடுத்தார்.

"ஏறு அண்ணி" என்றாள் கெங்கம்மாள்.

"பொம்பளைங்க ஏறலாமா?"

"மீன் புடிக்கிற போட்லதான் ஏறக் கூடாதும்பாங்க. இதுல கட்டிலு கீது, கண்ணாடி கீது. இது ஊடு மாதிரி. ஏறு."

மணவாளன் தன் படகில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனான். இத்தனை மாதமாக வாசலில் நின்றதை எட்டிக்கூடப் பார்க்காத ஞானம்மா, இப்போதுதான் குனிந்து உள்ளே போனாள். படுக்கையில் உட்கார்ந்து பார்த்தாள். கண்ணாடியில் முகம் பார்த்துப் புடவையைச் சரி செய்துகொண்டாள். இருந்த சின்னக் கதவுகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்தாள். "இது இன்னாத்துக்கு? இது இன்னாத்துக்கு?" என்று அவள் கேட்கக் கேட்க எபினேசருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. திசைகாட்டியைக் காட்டினார். இங்கே கம்பிக் குவியல் இல்லை. முள் தெளிந்து, வடக்கே பார்த்து நின்றது.

"குணமாயிடுச்சு பாரு" என்றார்.

"அது இருக்கட்டும். என் காலு ஏன் நனயுது?" என்றாள் ஞானம்மா.

பலகைச் சந்துகளில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. எபினேசருக்கு முகம் செத்துவிட்டது. இத்தனை நாள் உழைப்பும் துண்டு துண்டாகத் தெருவில் கிடப்பது கண்முன்னால் வந்தது. "மணவாளா, கரைக்குத் திருப்பு!" என்று கத்தினார். ஞானம்மா அதற்குள் சின்ன மூடியைத் திறந்து முழங்கை வரை உள்ளே விட்டிருந்தாள்.

"நீ ஒட்டினது ஓரத்துல பேந்துக்கினு கீது. தண்ணி கீழேர்ந்து தள்ளுது சோனியா நைனா. கைய வெச்சுப் பாரேன், எப்டித் தள்ளுதுன்னு!"

அவர் கை வைத்தார். தள்ளியது. அந்த ஈரத் தள்ளல் உள்ளங்கையில் பட்டதும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தொட்டியில் தண்ணீர் உள்ளேயிருந்து தள்ளும். உள்ளே ஒட்டிய பட்டையை ஓட்டையோடு சேர்த்து அழுத்தும். படகில் வெளியேயிருந்து தள்ளுகிறது. அதே பட்டையைப் பிய்த்து எடுக்கிறது. வெளிப்பக்கம் ஒட்டியிருக்க வேண்டும். தொட்டிக்காரன் புத்தி தொட்டியோடு நின்றுவிட்டது.

கரையோரம் முழங்கால் ஆழத்தில் படகு சேற்றில் உட்கார்ந்தது. உள்ளேயும் வெளியேயும் தண்ணீர் சமமானதும் ஏறுவது நின்றது. மணவாளன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே இந்தப் பக்கம் பார்க்காமல் சிரித்தான். எபினேசர் விளிம்பில் உட்கார்ந்தார். காரணம் தெரிந்துவிட்டது. வழக்கமாக இந்த இடத்தில் ஆசை அடங்கி எழுந்துவிடுவார். இன்று எழ முடியவில்லை.

"மெதக்கலன்னா அறுக்கறதுன்னுதானே பேச்சு" என்றார். "கூப்டு ஆளுங்கள. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

ஞானம்மா அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. முட்டியளவு தண்ணீரில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குனிந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உள்ளேர்ந்து வெளிய வராதது, வெளியேர்ந்து உள்ள வந்துடுச்சே. அது எப்டி?"

"பலகயப் பிரிச்சாத்தான் காட்ட முடியும்" என்றார் தயங்கி. "தொறந்தா நீ திட்டுவ."

"பந்தலு ஒரு நாளு. அதுவரைக்கும் மணவாளன் குப்பத்துல கெடக்கட்டும். அப்பறம் ஊட்டாண்டயே இஸ்துகினு வந்துடு" என்றாள் ஞானம்மா. நாஷ்டா கொண்டுவந்த டிபன் பாக்ஸைப் பையிலிருந்து எடுத்தாள். மூடியைக் கழற்றி, ஏரித் தண்ணீரில் ஒரு அலசு அலசி, அவர் முன்னால் நீட்டினாள்.

"இப்பப் பிரி. திருகாணிய இதுல போடு."