கோமதிநாயகம் கையில் இருந்த பருத்தி

கோமதிநாயகம் குருவிகுளம் பக்கம் மானாவாரியில் பருத்தி போட்ட ஆள். வாதம் வந்து வலப்பக்கம் விழுந்த பிறகு, மனைவி ஆறுமுகத்தாய் சங்கரன்கோவிலில் தறி ஓட்டப் போக, அவரும் இங்கே வந்து கட்டிலோடு கிடந்தார். பேச்சு போய்விட்டது. இடது கை மட்டும் சொன்னபடி கேட்கும்.

அந்தத் தெருவுக்கு நான்தான் கேபிள்காரன். ஆடித்தபசு அன்று விவசாயம் பார்க்கிற சம்சாரிகள் விளைந்ததைக் கொண்டுவந்து அம்பாள் சப்பரத்தில் எறிவது இங்கே வழக்கம். அவரால் கூட்டத்துக்குள் போக முடியாது. அதனால் உள்ளூர் சேனலில் சுவாமி காட்சி கொடுக்கும் நேரம் பார்த்து, இடது கையால் பருத்தியை டிவி மேல் எறிவார். வருசத்தில் அந்த ஒரு நாள்தான் மனுசன் முகத்தில் சிரிப்பைப் பார்க்கலாம்.

கேபிள் டிஜிட்டலுக்கு மாறிய வருசம், தெருவில் ஆளுக்கொரு பேச்சு. பாக்ஸ் வைத்தால் கரண்டு பில் ஏறுமாம். பழைய குண்டு டிவியில் படமே வராதாம். ஆறுமுகத்தாய் கேட்டபோது, "ஆமா, அதெல்லாம் இனி குப்பைக்குத்தான்" என்று கம்பத்தில் இருந்தபடியே சொல்லிவைத்தேன். பின்னால் ஒயர் சொருக இடம் இருந்தால் பழசிலும் ஓடும். எனக்குத் தெரியும். நின்று விளக்கச் சோம்பல்.

தபசு அன்று மத்தியானம் பாக்ஸோடு போனேன். டிவி இருந்த மூலையில் ரெண்டு பிளாஸ்டிக் குடம் இருந்தது.

"டிவி எங்கம்மா?"

"ஓடாதுன்னு நீங்கதான அண்ணாச்சி சொன்னீய? நேத்து பழைய சாமான் கடையில போட்டுட்டேன். இன்னைக்கு காலையில புதுசு வந்துரும்னான் டிவி கடைக்காரன். இப்பம் கேட்டா நாளைக்குங்கான்."

கட்டிலில் அவர் பருத்தியை மடியில் வைத்துக்கொண்டு தயாராக இருந்தார்.

பழைய சாமான் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் அப்துல்லா சிரித்தார். "கேபிள்காரரே குப்பையில டிவி தேடுதீரு! டியூபை உடைச்சு செம்பு எடுத்தாச்சு வே."

என் வீட்டு டிவியைத் தூக்கிவந்து மாட்டினேன். ஆனால் கேபிள் ஆபீஸில் பாக்ஸ் நம்பரை ஏற்றினால்தான் புது பாக்ஸில் படம் வரும். போன் போட்டேன். "ஊரே இன்னைக்குத்தான் கேக்கு, நான் ஒரு ஆளு என்ன செய்ய அண்ணாச்சி?" என்றான் ஆபீஸில் இருந்த ராஜேஷ்குமார்.

வெறும் நீலத் திரையைப் பார்த்தபடி இருந்தோம். சாயங்காலம் கோவில் பக்கம் வேட்டுச் சத்தம் கேட்டது. காட்சி ஆகிவிட்டது. வேட்டு அவர் காதிலும் விழுந்தது.

அதற்குப் பிறகு படம் வந்தது. கூட்டம் கலைந்துகொண்டிருந்தது.

"திருப்பிப் போடுவாவ, அப்பம் எறியலாம்" என்றாள் ஆறுமுகத்தாய்.

திருப்பிப் போட்டார்கள். பார்த்தார். எறியவில்லை. வியர்வையில் உருண்டுபோன பருத்தியை என் கையில் வைத்து, கோவில் திசையைக் காட்டினார்.

நான் போனபோது சப்பரம் உள்ளே போய்விட்டது. தெருவெல்லாம் மிதிபட்ட பருத்தி. அதோடு இதையும் போட மனசு வரவில்லை.