கோமதி என்று பேர் வெட்டிய தூக்குவாளி

இன்று திருவேங்கடம் என்கிற ஊரில் என் அம்மாவின் தூக்குவாளி விற்றுப்போனது!

விற்றது நானில்லை. என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதி செல்வி.

(ஆமாம், இன்னும் சிநேகிதிதான். முழுதாகப் படியுங்கள்.)

என்னைப் புதிதாகப் பார்ப்பவர்களுக்கு: நானும் வீட்டுக்காரரும் வேனில் எவர்சில்வர் பாத்திரம் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய் விற்கிறோம். வாங்குகிற பாத்திரத்தில் அங்கேயே பேரும் வெட்டிக் கொடுப்போம். வீடு சங்கரன்கோவிலில் இருக்கிறது. அதில் அதிகம் குடியிருப்பது பூட்டுதான். சமையல், தூக்கம், சண்டை எல்லாம் வேனில்.

அந்த வேனில் விலை சொல்லாத ஒரே பாத்திரம் அம்மாவின் தூக்கு. வயலுக்கு அவள் கஞ்சி கொண்டுபோனது. நான் தொழிலுக்கு வந்தபிறகுதான் அதில் 'கோமதி' என்று அவள் பேரை வெட்டிக் கொடுத்தேன். அம்மா போனபிறகு அண்ணன் வீட்டில் நான் கேட்டு வாங்கியது அது ஒன்றுதான். எந்த ஊரில் விடிந்தாலும் டீ அதில்தான் வாங்குவோம்.

செல்வி இருப்பது சிவகிரியில். என்னைப் பார்க்க வேண்டுமென்றால் ஓடுகிற வேனைத்தான் பிடிக்க வேண்டும்! அதனால் இன்று ஒருநாள் கூடவே சுற்றுகிறேன் என்று ஏறிக்கொண்டாள்.

டீ குடித்துவிட்டுத் தூக்கைக் கழுவி, காயட்டும் என்று விற்பனைப் பலகையில் கவிழ்த்து வைத்தேன். நானும் வீட்டுக்காரரும் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுக்கு அண்டா கொடுக்கப் போய்விட்டு வந்தால், செல்வி முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

"ஏட்டி, நீ இல்லாமலே ஒரு யாவாரம் முடிச்சிட்டேன்!"

"சபாஷ்! என்னத்த வித்த?"

"ஒரு தூக்கு. யாரோ பேரு வெட்டச் சொல்லிட்டு வாங்க வரல போலுக்கு, சும்மா கெடந்துச்சு. வந்த அக்காவோட நாத்தனா பேரும் கோமதியாம்! வெட்டுறதுக்குக் காத்துக் கெடக்க வேண்டாம், கையோட கொண்டு போங்கன்னுட்டேன். அடியில லேசா நெளிசல். அதுக்குக் கொறச்சும் குடுத்தேன்!"

அவள் நினைத்ததிலும் தப்பில்லை. பேர் வெட்டச் சொல்லிவிட்டு வராமல் போகிறவர்கள் உண்டு. அதே பேர்க்காரர் யாராவது வரும்வரை அந்தப் பாத்திரம் கிடக்கும். (என்னிடம் ஒரு 'பேச்சித்தாய்' குடம் கிடக்கிறது. பேச்சித்தாய்கள் தொடர்புகொள்ளவும்!)

கோமதிக்கோ எங்கள் பக்கம் பஞ்சமே கிடையாது. எங்கள் ஊர் அம்மன் பேர். சங்கரன்கோவில் பஸ்ஸில் 'கோமதி' என்று கூப்பிட்டால் பாதி பஸ் திரும்பிப் பார்க்கும்.

"அது எங்கம்மா தூக்குட்டி!"

"ஒங்கம்மா பேரு கோமதியா?"

"ஒனக்குத் தெரியாதா?"

"நான் அத்தைன்னுதான கூப்பிட்டேன்? அத்தைகிட்ட போயி ஒங்க பேரென்னன்னா கேப்பாவ? நீயும் பழசைப் பழசு மாதிரி வைக்காம இப்படிப் பளபளன்னு தேச்சு வச்சிருக்க!"

"யாவாரத்துல வந்து வெளையாடுதியா?" என்று கத்திவிட்டேன். தெருவே திரும்பிப் பார்த்தது.

செல்வி பையை எடுத்தாள். "என்னைய பஸ் ஏத்தி விட்டுரு. நான் போறேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மா கையால் கஞ்சி வாங்கிக் குடித்தவர்களில் என்னோடு உட்கார்ந்து பேச மிச்சம் இருப்பவள் இவள் ஒருத்திதான். தூக்கும் போய் இவளும் போனால் இரட்டை நஷ்டம். (வியாபாரி மூளை, மன்னிக்கவும்.)

"பஸ்ஸு கெடக்கட்டும்ட்டி. வாங்குன அக்கா எங்கன போனா?"

"கரிவலத்துல அந்த நாத்தனா வீட்டுக்கு. இன்னைக்கு புது வீட்டுக்குப் பால்காய்ப்பு. பச்சைக் கலர் வீடு, வாசல்ல வேப்பமரம், ரெண்டு பொம்பளப் பிள்ளைய."

"இவ்வளவும் கேட்டியா?"

"பேசாம விக்கதுக்கு நான் என்ன மிசினா?"

வேனைக் கரிவலம்வந்தநல்லூருக்கு விட்டோம். வழிநெடுகப் பாத்திரங்கள் மட்டும்தான் சத்தம் போட்டன.

பச்சை வீடு. வாசலில் மாவிலை, உள்ளே பந்தி. புது அடுக்களையில் அம்மாவின் தூக்கு! வீட்டுக்கார கோமதியக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"என் பேரு போட்டு என் வீட்டுக்கு வந்திருக்கு. அதெப்படித் தருவேன்? ஒங்கம்மாவோடதுன்னு நான் எப்படி நம்ப?"

நியாயமான கேள்வி. நானாக இருந்தாலும் இதைத்தான் கேட்டிருப்பேன்!

செல்வி முன்னால் வந்தாள்.

"யக்கா, அடியில ஒரு நெளிசல் இருக்கும் பாருங்க. அது நான் போட்டது. விக்கும்போது தெரியல, வண்டியில வரும்போதுதான் வெளங்கிச்சு. சின்னதுல எங்க வீட்டுல அடுப்பெரியலன்னா இவ அம்மா எனக்குக் கஞ்சி குடுத்து விடுவாவ. ஒருநா வரப்புல விழுந்து தூக்கை நெளிச்சுட்டேன். அழுதுக்கிட்டே போனேன். 'தூக்கு நெளிஞ்சா என்ன மக்கா, நீ நெளியலல்லா'ன்னு மறுபடியும் ஊத்திக் குடுத்தாவ."

எனக்கே இந்த நெளிசல் கதை இன்றுதான் தெரியும். அம்மா என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

கோமதியக்கா தூக்கைக் கவிழ்த்து நெளிசலைத் தடவிப் பார்த்தாள். "எடுத்துக்கோங்க. ஆனா பால்காய்ச்சுன அன்னைக்கு வீட்டுல இருந்து ஒரு பாத்திரம் கொறையக் கூடாது. பதிலுக்கு ஒண்ணு தாங்க" என்றாள்.

வேனில் ஏறி, எல்லாவற்றையும் தட்டித் தட்டிப் பார்த்து, இருந்ததிலேயே பெரிய தூக்கை எடுத்துக்கொண்டாள். (என்னையே மிஞ்சிவிட்டாள்!) பேரும் நானே வெட்டிக் கொடுத்தேன். அம்மாவின் தூக்கை வெறுமனே தர மனம் வராமல், பாயாசம் நிரப்பிக் கொடுத்தாள்.

வேப்பமரத்தடியில் மூன்று பேரும் பாயாசத்தைக் காலி செய்தோம். செல்வி தூக்கைக் கழுவினாள். என்னைக் கேட்காமலே பேர் வெட்டும் மிஷினை எடுத்து உட்கார்ந்தாள். 'கோமதி'க்குக் கீழே கோணல்மாணலாக வெட்டினாள்: 'விற்பனைக்கு அல்ல'.

பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் கையை நீட்டினார். "அப்படியே எனக்கும் ஒண்ணு வெட்டிரும்மா."

செல்வி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, எவ்வளவு கொறச்சுக் குடுத்தாலும் ஒங்களக் கேட்டு ஆளு வராது. பயப்படாம வண்டியை எடுங்க!"