ஃபெர்ரியில் சொல்லி முடித்த புத்தகம்

மேசையில் உட்கார்ந்தால் எனக்கு ஒரு வரியும் வராது. வேலைக்குப் போக, தீவிலிருந்து கடல் தாண்டி பட்டர்வொர்த்துக்கு ஃபெர்ரி ஏறினால்தான் வாய் திறக்கும். கைப்பேசியைக் காதில் வைத்து, யாரிடமோ சண்டை போடுவதுபோல் புத்தகத்தைச் சொல்லிப் பதிவு செய்வேன். வீட்டில் அதைக் கேட்டு எழுதுவேன். பட்டர்வொர்த்தின் மாக் மண்டின் தொழிற்பேட்டையில், ஒரு தொழிற்சாலையில் என் தோழியின் கை நசுங்கியதையும், முதலாளி அதை மறைத்ததையும் பற்றிய புத்தகம் அது.

கடைசி அத்தியாயத்தின் பாதியில் பக்கத்து இருக்கைக்காரன் குனிந்தான்.

“அக்கா, தினமும் கேக்குறேன். அது எங்க பாஸ்தானே? பேரு மட்டும் வேணாம்லா.”

“பேரு இல்லாம எப்படி தம்பி முடிக்கிறது?”

“அப்ப முடிக்காதீங்க.”

அன்று நிறுத்தினால் பிறகு எழுதவே மாட்டேன். பெயரைச் சத்தமாகச் சொல்லி முடித்தேன். கரை வந்ததும் அவன் முதலில் இறங்கி, யாரையோ கைப்பேசியில் அழைத்துக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தான்.